மேல் டிவிஷன் ஜீப்புக்குப் போட்ட கம்ப்ரஸர்

கம்போங் ராஜாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரவி, என்னிடம் எட்டு வருடம் வேலை பார்த்தவன். போன மாதம் போன் செய்தான். "அண்ணே, காய்கறித் தோட்டக்காரர் ஒருத்தர் பழைய ஜீப்புக்குக் கம்ப்ரஸர் போடணுங்கிறாரு. எஸ்டேட்ல நீங்க போட்டதைத்தான் இன்னும் எல்லாரும் சொல்றாங்க. எப்படிப் போட்டீங்கன்னு ஒரு படம் வரஞ்சு குடுங்கலா" என்றான். படம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. அதை மடித்து உறையில் போட்டேன், பிறகு வெளியே எடுத்தேன். அந்தக் கம்ப்ரஸரைப் புகழ்கிறவர்களில் பலருக்கு அது செய்த காரியம் முழுதாகத் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படத்தை மட்டும் கொடுத்தால் நான் இன்னொரு முறை பொய் சொன்னதாகும். அதனால் இதை எழுதுகிறேன்.

என் படிப்பு ஆறாம் வகுப்பு. பதினாறு வயதில் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய்த் துணி அலசும் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடம் துணி, நான்கு வருடம் ஸ்பேனர், அதன் பிறகு பிட்டர் என்று பெயர். இடையில் நடந்ததெல்லாம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் நடப்பதுதான்.

போர்மன் கனகசபை ஐயாவைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் இருந்தவராம். மலையில் பிறந்த எங்களுக்கு அவர் பேச்சு புத்தகத்திலிருந்து வருவது போல் இருக்கும். துணி அலசுகிறவனைக்கூட "நீர்" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் அந்தப் பக்கம் இருந்த எவனும் மூச்சு விட மாட்டான். வேலை முடிந்தது என்று போய் நின்றால் அவர் கேட்பது இரண்டே கேள்வி. "பாத்தனீரோ?" சோதித்துப் பார்த்தீரா என்று அர்த்தம். ஆமாம் என்றால், "எப்பிடிப் பாத்தனீர்?" இரண்டாவதற்குப் பதில் இல்லாவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

எழுபதுகளின் பிற்பாதி அது. எங்கள் எஸ்டேட்டில் மேல் டிவிஷன் என்பது தார் ரோட்டிலிருந்து ஆறு மைல் மேலே. ரோடு என்று பெயர்தான், மழை பெய்தால் சோப்புக்கட்டி. டயரில் முப்பத்தைந்து பவுண்டு காற்றோடு ஏறினால் வண்டி பக்கவாட்டில் நழுவிப் பள்ளத்தைப் பார்க்கும். அதனால் அடிவாரத்தில் காற்றைப் பதினைந்து பவுண்டுக்கு இறக்கிவிட்டு, டயரைச் சப்பையாக்கி, ஊர்ந்து ஏறுவார்கள். இறங்கி வந்ததும் தார் ரோட்டோரம் நின்று நான்கு டயருக்கும் கால் பம்பால் மிதிக்க வேண்டும். முக்கால் மணி நேரம். போதாததற்குக் கவ்வாத்து வெட்டிய மலைகளில் தேயிலைக் குச்சி ஆணி போல நிற்கும், வாரத்துக்கு இரண்டு டயராவது பஞ்சராகும். டிரைவர் சுப்பையாவுக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு நாள் துரையே வண்டியில் இருந்தார். மழையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சுப்பையா மிதிப்பதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு உத்தரவு வந்தது, வண்டியிலேயே காற்று அடிக்க ஏதாவது செய்யுங்கள் என்று. சுப்பையா பத்து வருடமாக மிதித்தது யார் கண்ணிலும் படவில்லை.

எதைப் போடுவது என்று ஒரு வாரம் யோசித்தோம். ஈப்போ கடைகளில் பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் விற்றார்கள். ஒன்று வாங்கிப் பார்த்தோம். இரண்டாவது டயர் பாதியில் தொட முடியாத சூடு, மூன்றாவதில் புகை. காருக்கு அது போதும், எங்கள் டயருக்குக் காணாது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் திருகுகிற பம்ப் ஒன்று உண்டு. எங்களுடையது டீசல், பிளக்கே கிடையாது. எனக்குப் பிடித்தது மர லோரியின் பிரேக் கம்ப்ரஸர். நல்ல கனம், நாள் முழுக்க ஓடும். ஐயா வேண்டாம் என்றார். அது எஞ்சின் எண்ணெயைக் குடித்து ஓடுவது, போக ஒரு குழாய் வர ஒரு குழாய் வேண்டும், காட்டு ரோட்டில் ஒன்று அறுந்தால் கம்ப்ரஸரோடு எஞ்சினும் போகும் என்றார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது, நொறுங்கிப்போன ஒரு பெரிய காரின் ஏர்கண்டிஷன் கம்ப்ரஸர். பழைய இரும்புக் கடையில் கிடந்தது. பிஸ்டன் வகை, தன் வயிற்றிலேயே எண்ணெய் வைத்திருப்பது. முக்கியமாக, முன்னால் மின்சாரக் கிளட்ச் உண்டு. சுவிட்ச் போட்டால் ஓடும், போடாவிட்டால் புல்லி மட்டும் சும்மா சுற்றும். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் சொன்னதுதான் சரி.

ரவி, இந்த இடத்தை நன்றாகப் படி. கம்ப்ரஸரைப் பிடிக்கும் தாங்கியைத் தகரத்தில் செய்யாதே. நாங்கள் கால் அங்குல இரும்புப் பட்டையில் வெட்டி, எஞ்சின் பிளாக்கில் ஏற்கெனவே இருந்த மூன்று துளைகளில் பிடித்தோம். சேஸியில் பிடித்தால் எஞ்சின் ஒரு பக்கம் ஆடும், கம்ப்ரஸர் ஒரு பக்கம் நிற்கும், பெல்ட் வாரம் தாங்காது. இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தோம், கண்ணை நம்பவில்லை. கட்டை விரலால் அழுத்தினால் பெல்ட் அரை அங்குலம் அமுங்க வேண்டும். காற்று இழுக்கிற வாயை எஞ்சின் பக்கம் விடாமல் ஓஸ் வைத்து முன் கண்ணாடியின் அடி வரை மேலே கொண்டு போனோம், ஆற்றில் இறங்கினால் தண்ணீர் குடிக்காமல் இருக்க. வெளியே தள்ளும் காற்று கொதிக்கும், அதனால் முதல் ஐந்தடிக்குச் செப்புக் குழாயைச் சுருட்டி வைத்து, அதன் பிறகே ரப்பர் ஓஸ். பழைய லோரியின் காற்று டாங்கி ஒன்று பக்கத்து சீட்டுக்கு அடியில். எங்கள் மலையில் பனியும் ஈரமும் அதிகம், டாங்கிக்குள் தண்ணீர் கட்டும், அடியில் ஒரு குழாய் வைத்துத் தினமும் இறக்க வேண்டும். நூறு பவுண்டில் தானாக நிற்கும் சுவிட்ச். அது கோளாறானால் நூற்றிருபதில் திறந்துகொள்ளும் வால்வு.

அந்த டாங்கியைச் சோதிக்க நான் காற்றை ஏற்றப் போனேன். ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

"முனியாண்டி, உதுக்குள்ள காத்தை ஏத்தி, அது விட்டுதெண்டா என்ன நடக்கும்?"

"வெடிக்கும் ஐயா."

"தண்ணியை நிரப்பி அமுக்கம் குடுத்து, விட்டுதெண்டா?"

யோசித்தேன். "ஒழுகும்."

"அப்ப எதால சோதிப்பம்?"

தண்ணீர் நிரப்பிக் கை பம்பால் இருநூறு பவுண்டு வரை ஏற்றி அரை மணி நேரம் வைத்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. அதன் பிறகுதான் வண்டியில் ஏற்றினோம். முதல் நாள் நான்கு டயருக்கும் பன்னிரண்டு நிமிடம். சுப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தானா ராத்தா டவுன் வரை பேச்சு பரவி, பக்கத்து எஸ்டேட் போர்மன்கள் வந்து பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறியது. ஐயா செய்ததை நான் செய்ததாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஜீப்பில்தான் தினமும் காலையில் மேல் டிவிஷனுக்குப் புல்லைக் கருக்குகிற புல் மருந்து போகும். மருந்தடிக்கிற கூட்டத்தில் பதினோரு பெண்கள். முதுகில் மருந்து ஊற்றும் பித்தளைத் தோம்பு, நிரப்பினால் ஒரு பிள்ளையைச் சுமக்கிற கனம். அதன் தலையில் இருக்கும் பம்பை அறுபது எழுபது தடவை குத்தினால்தான் உள்ளே காற்று ஏறி மருந்து பீய்ச்சும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது தோம்பு. எத்தனை குத்து என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அவர்களில் பாக்கியம் என்பவள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருசன் காளிமுத்து கவ்வாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு இடுப்பு போனவர், வேலை இல்லை. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு அவள் பேரில்தான் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. ஒழுகும் தோம்புகளைப் பற்றவைக்க அவள்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவருவாள். வாய் சும்மா இருக்காது. ஐயாவையே "கண்ணாடி மாப்பிள்ளை" என்பாள், அவர் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

ஒரு நாள் தோம்பை மேசையில் வைத்துவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினாள். தோளுக்கு மேல் போகவில்லை. "தலை சீவ முடியலை தம்பி. மகதான் சீவி விடுறா. நீ பெரிய காத்து மிசினு போட்டியாமே. ஜீப் டயருக்குக் குடுக்கிற காத்தை எங்களுக்குக் கொஞ்சம் குடுத்தா கொறஞ்சா போயிடும்லா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு மண்டைக்குள் உடனே வேலை ஆரம்பித்துவிட்டது. பழைய டியூப்பிலிருந்து வால்வை வெட்டி எடுத்து, தோம்பின் மேல்பக்கம் துளை போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும். டயருக்குப் பிடிக்கிற அதே ஓஸ் அதிலும் பிடிக்கும். எழுபது குத்துக்குப் பதில் பத்து விநாடி. கனகசபை ஐயா மகள் கல்யாணத்துக்காக மூன்று வார லீவில் சிரம்பானுக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் ஆறு தோம்புக்கு வால்வு வைத்துவிட்டேன். நூறு பவுண்டு காற்று அப்படியே தோம்புக்குள் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தோம்பு தாங்குவது நாற்பது ஐம்பது பவுண்டு. நடுவே ஒரு ரெகுலேட்டர் வைத்தால் அதற்கு மேல் போக விடாது. வெல்டிங் செட்டில் பழைய ரெகுலேட்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மாட்டலாம் என்று நினைத்தேன். அதுவரை சுப்பையாவிடம், "அண்ணே, பத்து எண்ணி ஓஸை எடுத்துடுங்க" என்று சொல்லிவைத்தேன். கையால் குத்தும்போது தோம்பு இறுகினால் கை சொல்லிவிடும், அதற்கு மேல் குத்த முடியாது. கம்ப்ரஸருக்கு அந்தக் கை கிடையாது. இது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஐயா லீவிலிருந்து திரும்பினார். நான் அவரிடம் சொல்லவில்லை. காற்று பிடிப்பது மேல் டிவிஷனில், அவர் அங்கே போவதில்லை. சொல்லியிருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

முதல் இரண்டு வாரம் பெண்களுக்குத் திருவிழா. மதியத்துக்குள் இருபது தோம்பும் முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பாக்கியம் எனக்குச் சோற்று டப்பாவில் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். மூன்றாவது வாரம் கங்காணி கணக்கை முப்பது தோம்பு ஆக்கினார். "அதான் கையே வலிக்கலையே, அடிங்க" என்றாராம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கும் பங்கு உண்டு. முப்பது முடிக்க வேண்டும் என்றால் அவசரம். காற்று கூடுதலாக இருந்தால் மருந்து வேகமாகப் பீய்ச்சும், ஒரு தோம்பு சீக்கிரம் தீரும். பத்து எண்ணியது பதினைந்தாயிற்று. பிறகு யாரும் எண்ணவில்லை, பெண்களே ஓஸை எடுத்துச் சத்தத்தை வைத்துப் பிடித்தார்கள். ரெகுலேட்டர் வெல்டிங் செட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் என்பது ஏழு வாரமாகிவிட்டது.

அன்று காலை பத்து மணி இருக்கும். ஜீப் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் வாசலைக் கடந்து தானா ராத்தா பக்கம் போனது. பின்னால் பெண்கள் இரண்டு பேர் மடியில் யாரையோ கிடத்திப் பிடித்திருந்தார்கள். மதியம் சுப்பையா திரும்பி வந்து சொன்னார். பாக்கியம் தோம்பைத் தரையில் நிறுத்திக் குனிந்து ஓஸைப் பிடித்திருக்கிறாள். அடித்தட்டு பிய்ந்துகொண்டது. தோம்பு எழும்பி அவள் தாடையில் அடித்து, உள்ளே இருந்த மருந்து முழுக்க முகத்தில். அடி பட்டதில் வாயைத் திறந்திருக்கிறாள், தொண்டைக்குள்ளும் போய்விட்டது. அடிவாரத்தில் டயருக்குக் காற்று ஏற்ற மூன்று நிமிடம்தான் நின்றாராம், ஓடுகிற அளவுக்கு ஏற்றிக்கொண்டு பறந்தாராம். "ஒன் மிசினு இருந்ததாலதான் சீக்கிரம் போக முடிஞ்சது முனியாண்டி" என்றார். நல்ல மனுசன், ஆறுதலாகச் சொன்னார்.

பிய்ந்த தோம்பை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து போட்டார்கள். கனகசபை ஐயா அதைத் தன் மேசையில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். அடித்தட்டின் விளிம்பை மருந்து அரித்துக் காகிதம் போல் ஆக்கியிருந்தது. அந்த விளிம்பில் பழைய ஈயப் பற்றும் இருந்தது, அதுவும் நான் வைத்ததுதான். மேலே டியூப் வால்வு அசையாமல் நின்றது.

"முனியாண்டி, வாரும். உம்மட பத்தவைப்பு நல்லாத்தான் நிண்டிருக்கு" என்றார். "அடிதான் விட்டிருக்கு."

என் ஈயம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். தோம்பு அங்கேயே மேசையில் கிடந்தது. மீதி ஐந்து தோம்புகளின் வால்வையும் அன்றைக்கே அவர் கையாலேயே அறுத்து எடுத்தார். என்னைத் தொட விடவில்லை.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செத்துக் கிடப்பாள் என்று நினைத்துப் போனால் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். தாடையில் தையல், உதடும் நாக்கும் வெந்து வெள்ளையாக இருந்தன. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"மொகத்தைப் பாத்தியா, சினிமாவுக்கு எடுக்க மாட்டானுங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நாளைக்கு லேபர் ஆபீஸ்லேர்ந்து ஆபீசரு வர்றாராம். வால்வு நானே வாங்கி வச்சுக்கிட்டேன்னு சொல்லப் போறேன். நீ வாயத் தொறந்துடாத. ஒனக்கு வேலை போனா எங்க தோம்ப எவன் பாப்பான்?"

"அக்கா, அப்படிச் சொல்லாதீங்க" என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே தடவை. அவள் கையை ஆட்டி, "ரெண்டு வாரத்துல வேலைக்கு வந்துடுவேன். எனக்கு என்ன பண்ணிடுவாங்க, திட்டுவாங்க. போலா" என்றாள். வெளியே வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்த மருந்து அப்படித்தானாம், வாயை முதலில் சுட்டுவிட்டு, ஆள் தேறுவது போல் காட்டிவிட்டு, பிறகு நுரையீரலுக்குப் போகும். மாற்று மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். காளிமுத்து தடியை ஊன்றிக்கொண்டு போய், பக்கத்துக் கட்டிலுக்கு வைத்திருப்பது போல இவளுக்கும் ஆக்சிஜன் வைக்கச் சொல்லிக் கெஞ்சினார். டாக்டர் அவரை உட்கார வைத்துச் சொன்னார், இந்த விஷத்துக்கு ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் இன்னும் வேகமாக வெந்துவிடும், கடைசி வரை கொடுக்காமல் இருப்பதுதான் நல்லது என்று. பாக்கியத்துக்கு அது புரியவில்லை. ஒன்பதாம் நாள் நான் போனபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்தி, "கொஞ்சம்... காத்து... வைக்கச் சொல்லு தம்பி" என்றாள். நான் தலையாட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நின்றேன். பதினோராம் நாள் இறந்துவிட்டாள்.

அவள் சொன்ன வாக்குமூலம் எழுத்தில் இருந்தது. மற்றப் பெண்களும், "பாக்கியம்தான் எங்கயோ குடுத்து வச்சுக் கொண்டாந்தா" என்று சொல்லிவிட்டார்கள். எனக்காகத்தான் சொன்னார்கள், இனி அவளுக்கு என்ன கெட்டுப்போகப் போகிறது என்று நினைத்துச் சொன்னார்கள். கெட்டது அதற்கப்புறம்தான். எஸ்டேட் அறிக்கையில், தொழிலாளி அனுமதியில்லாமல் தானாகவே செய்துகொண்ட மாற்றத்தால் விபத்து என்று எழுதப்பட்டது. சின்னத் துரை காளிமுத்துவைக் கூப்பிட்டு, வேலையில் இறந்திருந்தால் வீடு குடும்பத்துக்கு இருக்கும், மூத்த பெண் பள்ளி முடித்ததும் பேக்டரியில் இடம் கொடுப்போம், ஆனால் இது அவளே செய்துகொண்டது, மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். காளிமுத்துவுக்குப் போக இடம் கிடையாது. லெம்பா பெர்த்தாமில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகையில் பிள்ளைகளோடு ஒதுங்கலாமா என்று கேட்டுப் பார்க்கப் போனார். இடுப்பு உடைந்த ஆளை எந்தத் தோட்டக்காரன் வைத்துக்கொள்வான்?

ஒர்க்‌ஷாப் சார்பில் ஐயாவும் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அதை டைப் அடிக்கும் முன் என்னிடம் படிக்கக் கொடுத்தார். தோம்பின் தகடு, அரிப்பு, காற்றின் அளவு எல்லாம் எழுதியிருந்தார். வால்வைப் பொருத்தியவர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் கோடு மட்டும் போட்டிருந்தது.

"இது காலியா இருக்கு ஐயா" என்றேன்.

"ஓம். அதை நிரப்புறது என்ர வேலை இல்லை" என்றார்.

அதற்குப் பிறகும் ஒன்பது நாள் நான் வேலைக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். என் மனைவி மூன்றாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள், எனக்கும் லயத்து வீடுதான், எனக்கு வேறு தொழில் தெரியாது. காரணமெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். ஒரு மாலை வேலை விட்டு வரும்போது பாக்கியத்தின் வீட்டு வாசலில் கட்டிலையும் தையல் மிசினையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். சின்னவள் அலுமினியச் சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "மாமா, இந்த முடிச்சு இறுக மாட்டேங்குது" என்றாள். கட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஐயாவிடம் போய் தானா ராத்தாவுக்குப் போக அரை நாள் லீவு கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. மேசையில் கிடந்த தோம்பைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

நான் போனதால் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிக்கை மாறியது. காளிமுத்து அந்த வீட்டிலேயே சாகும்வரை இருந்தார். மூத்தவள் பேக்டரியில் இலை தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். தோம்புக்கு வண்டியிலிருந்து காற்று பிடிக்கக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், கங்காணி கணக்கு இருபதுக்கு இறங்கியது, பெண்கள் மறுபடி எழுபது குத்துக்குப் போனார்கள். என்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. இரண்டு வருடம் பிட்டர் வேலையிலிருந்து இறக்கி ரோடு வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐயா ஓய்வு பெறும் முன் பேசித் திரும்ப ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்தார். காளிமுத்து என்னை வழியில் பார்த்தால் ஒரு முறைகூட நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை.

தானா ராத்தாவில் லேபர் ஆபீஸ் அறை சின்னது. லேபர் அதிகாரி ஒரு மலாய்க்காரர், என் வயதுதான் இருக்கும். தோம்பை மேசையில் வைத்து, வால்வைக் காட்டி, இது நான் வைத்தது என்று மலாயில் சொன்னேன். ஐயா லீவில் இருந்தார், அவருக்குத் தெரியாது என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அலமாரியிலிருந்து பைல் எடுத்து, பாக்கியத்தின் வாக்குமூலத்தைப் பிரித்தார். கீழே அவள் பெருவிரல் ரேகை இருந்தது. மெதுவாக, எனக்குப் புரியும்படி, படித்துக் காட்டினார்.

வால்வை யார் வைத்தது என்று அவர் கேட்டிருக்கிறார். நானே, வேறு யாருக்கும் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். இவ்வளவு காற்றை ஏற்றினால் வெடிக்கும் என்று பயமாக இல்லையா என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்ன பதிலை இரண்டு தடவை படித்தார். எனக்கு எதுக்குப் பயம், பார்த்துத்தானே கொடுத்திருப்பார்கள்.

"இவளே செய்தது என்றால், பார்த்துக் கொடுத்தது யார்?" என்றார். "இதை எழுதிக்கொண்ட நாளிலிருந்து அந்த ஆள் வருவான் என்று இருக்கிறேன்." பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து என் பெயரை எழுதினார். பேனாவைத் தூக்காமலே கேட்டார். "பார்த்துத்தான் கொடுத்தாயா?"

"இல்லை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.